பல இழை, ஒரு கட்டு

ஒரு காருக்குள் ஓடும் மின்வயர்களை உரிய நீளத்தில் வெட்டி, முனைகளில் உலோகத் துண்டு பொருத்தி, கிளை பிரித்து, டேப் சுற்றி ஒரே கட்டாக்கினால் அதற்கு வயரிங் ஹார்னஸ் என்று பெயர். பேட்டரியிலிருந்து முன்விளக்குக்கும், ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்சிலிருந்து வைப்பர் மோட்டாருக்கும், கதவுப் பூட்டுக்கும், ஹாரனுக்கும் மின்சாரமும் சைகையும் போவது இதன் வழியேதான். கட்டி முடித்ததும் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. ஒரு பொருளாக எண்ணப்படுகிறது, ஒரு பொருளாக விலை போடப்படுகிறது. டேப்பைப் பிரித்துப் பார்த்தாலோ உள்ளே இருப்பவை தனித்தனி வயர்களே. அப்படியானால் கட்டு என்று ஒன்று உண்மையில் உண்டா, வயர்கள் மட்டுமே உண்டா?

இந்திய மெய்யியலுக்கு இது மிகப் பழைய கேள்வி. அங்கே தலைமுறை தலைமுறையாக எடுத்தாளப்படும் எடுத்துக்காட்டு நூலும் துணியும். துணி என்பது நூல்களிலிருந்து வேறான புதுப்பொருளா, நூல்களின் மறுபெயரா? உலகத்துக்கும் அதன் மூலத்துக்கும் என்ன உறவு, உடம்புக்கும் உயிருக்கும் என்ன உறவு என்ற பெரிய வினாக்களுக்கெல்லாம் இந்தச் சின்ன வினாவின் வழியாகவே விடை தேடினார்கள். நூற்பைத் தொழிலாகக் கொண்ட ராஜபாளையமும், பூத்தொடுப்பதை வழிபாடாகக் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பத்துக் கிலோமீட்டர் சொச்சம் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. பல இழை ஒன்றாவதை அந்த இரண்டு ஊரிலும் கண்ணால் பார்க்கலாம்.

கட்டு உருவாகும் வரிசை

ஹார்னஸின் முதற்பொருள் வயர். அதுவும் ஒற்றைப் பொருள் அல்ல. 0.5 சதுர மில்லிமீட்டர் வயருக்குள் 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 16 செம்பு இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். ஒரே தடித்த கம்பியாக இருந்தால் கார் அதிரும்போது வளைந்து வளைந்து ஒடிந்துபோகும். மெல்லிய இழைகளாக இருப்பதால் வளைந்துகொடுக்கும். இழைகளின் மேல் பி.வி.சி. உறை. உறையின் நிறமும் அதில் ஓடும் கோடும் எந்த வயர் எந்த வேலைக்கு என்பதைச் சொல்லும்.

முதல் வேலை, வயரை நீளம் பார்த்து வெட்டி முனையில் உறையை உரிப்பது. இதை இயந்திரமே செய்கிறது. உரிக்கும்போது ஓர் இழைகூட அறுபடக் கூடாது. அடுத்தது கிரிம்பிங். வெறும் முனையை டெர்மினல் என்ற சிறு உலோகத் துண்டின் மடலில் வைத்து அச்சால் அழுத்த, மடல் மடிந்து இழைகளைக் கவ்விக்கொள்ளும். இங்கே ஈயப்பற்று இல்லை, பசை இல்லை. சரியான அழுத்தத்தில் இழைகள் ஒன்றையொன்று நெருக்கி, காற்றும் புகாத அளவுக்கு உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் குறைந்தால் வயர் நழுவும். மிகுந்தால் இழை வெட்டுப்படும். அதனால் கிரிம்பின் உயரத்தை மைக்ரோமீட்டரால் அளக்கிறார்கள், மாதிரிகளை இழுத்துப் பார்க்கிறார்கள், குறுக்கே வெட்டி மெருகேற்றி உருப்பெருக்கியில் வைத்து இழைகளின் நெருக்கத்தைச் சோதிக்கிறார்கள். ஒரு வயரிலிருந்து இரண்டு மூன்று வயர் பிரிய வேண்டிய இடங்களை அல்ட்ராசோனிக் அதிர்வால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போடுகிறார்கள்.

பிறகு வருவது போர்டு. பெரிய பலகையில் ஹார்னஸின் படம் உள்ளது உள்ளபடியே, அதே அளவில் வரையப்பட்டிருக்கும். கிளை பிரியும் இடங்களில் முளைகளும் கவைகளும் நிற்கும். தொழிலாளி ஒவ்வொரு வயராக எடுத்துப் படத்தின் தடத்தில் கிடத்தி, டெர்மினலைக் கனெக்டரின் உரிய அறைக்குள் தள்ளுவார். ‘க்ளிக்’ என்ற ஒலி கேட்டால்தான் அது அமர்ந்தது என்று பொருள். எல்லா வயரும் படிந்தபின் டேப் சுற்றுவது, நெளிகுழாய் மாட்டுவது, காரின் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இடுவது, கிளிப் பொருத்துவது என்று வேலை நகரும். வயர் துவளும் பொருள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வளையும். அதனால் வெட்டவும் கிரிம்ப் செய்யவும் இயந்திரம் இருந்தும், கிடத்துவதும் சுற்றுவதும் உலகெங்கும் பெரும்பாலும் கைவேலையாகவே நிற்கின்றன. டேப் வருவதற்கு முன் மெழுகிட்ட நூலால் முடிச்சிட்டுக் கட்டினார்கள். விண்கலங்களின் வயர்க்கட்டுகளில் அந்த முடிச்சு இன்றும் தொடர்கிறது.

கடைசியில் சோதனை. கனெக்டர்கள் அனைத்தையும் சோதனைப் பலகையில் செருக, எந்த முனை எந்த முனையோடு சேர வேண்டுமோ அதோடு சேர்ந்திருக்கிறதா, சேரக் கூடாததோடு சேர்ந்துவிட்டதா என்று கருவி பார்க்கும். எது நல்ல கட்டு என்பதற்குப் பொது அளவுகோலாக ஐ.பி.சி. ஏ-620 என்ற தரநெறி 2002இல் வெளிவந்தது. பொதுப் பயனுக்கு, நம்பகம் வேண்டும் பயனுக்கு, நின்றுபோகவே கூடாத பயனுக்கு என்று மூன்று வகுப்புகளாக அது கட்டுகளைப் பிரிக்கிறது. ஒரே வயர், ஒரே கிரிம்ப். ஆனால் எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறுகிறது. கட்டைப் பற்றிய மெய்யியல் விசாரணைக்கும் இது பின்னால் உதவும்.

நூலும் மாலையும்

ராஜபாளையத்தின் நவீன நூற்பு வரலாறு 1930களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்லோடு வலுப்பெற்றது. அங்கே பஞ்சு நூலாகும் விதமும் வயரின் கதையை ஒத்ததே. தனித்த பஞ்சிழை சில சென்டிமீட்டர் நீளம்தான். விரலால் இழுத்தால் பிய்ந்துவிடும். இழைகளைச் சீவி, ஒரே திசையில் படியவைத்து, இழுத்து மெலிதாக்கிக் கதிரில் முறுக்கேற்றினால் அவை ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்கின்றன. நூலின் வலிமைக்குக் காரணம் பசை அல்ல, முறுக்கு. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் அந்த நூல் பாவும் ஊடையுமாகக் கோக்கப்பட்டு, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியாகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டுவது பூவை. வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நந்தவனம் அமைத்து மாலை தொடுத்துச் சாத்துவதையே வாழ்வாகக் கொண்டவர் பெரியாழ்வார் என்பது வைணவ மரபு. அந்த நந்தவனத்துத் துளசிச் செடியடியில், ஆடிப்பூரத்தில் கிடைத்த குழந்தை ஆண்டாள். ஆண்டாள் சூடிய மாலை இன்றும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும், சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் இங்கிருந்தே போகிறது. மாலையைப் போலவே புகழ்பெற்றது ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி. மாதுளம்பூவை அலகாகவும் மரவள்ளி இலையை உடலாகவும் வைத்து, நாரால் கட்டி, நாள்தோறும் அது புதிதாகச் செய்யப்படுகிறது. கையிலிருந்து இறங்கியபின் பிரசாதமாக ஒரு பக்தரின் வீட்டுக்குப் போகிறது.

வயர்க்கட்டு, நூல், துணி, மாலை, கிளி ஆகிய ஐந்திலும் கேள்வி ஒன்றே. இலையும் பூவும் நாரும் தவிர அங்கே ‘கிளி’ என்று ஏதாவது இருக்கிறதா?

மூன்று விடைகள்

பௌத்தர்களின் விடை: இல்லை. கிரேக்க வழி அரசன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்ற துறவிக்கும் நடந்த உரையாடலைச் சொல்லும் பாலி நூலான மிலிந்த பஞ்ஹாவில் தேர் எடுத்துக்காட்டாகிறது. அச்சு தேர் அல்ல, சக்கரம் தேர் அல்ல, நுகம் தேர் அல்ல; இவற்றைச் சேர்த்து வைத்த இடத்தில் வழங்கும் பெயரே தேர். ‘நான்’ என்பதும் அத்தகைய பெயரே என்பது அந்த வாதம் போய்ச் சேரும் இடம். தமிழில் இந்தச் சிந்தனையைச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை தாங்கி நிற்கிறது. உடம்பு, நாடு போன்றவற்றைத் தொகைச் சொற்கள் என்று அதன் முப்பதாம் காதை வகுக்கிறது. பலவற்றின் கூட்டத்தைச் சுருக்கிச் சொல்ல நாக்குக்கு வசதியான வழக்குகள் அவை. இந்தப் பார்வையில் ஹார்னஸ் என்பது வயர்களுக்கு இட்ட பெயர். பட்டியலில் அதற்குள்ள எண் வணிக வசதி.

நியாயம், வைசேடிகம் என்ற தரிசனங்களின் விடை: உண்டு. நூல்கள் சேரும்போது துணி என்ற புதிய முழுப்பொருள் பிறக்கிறது. அதற்கு முன் அது இல்லை. பகுதிகளில் முழுமை பிரிக்க முடியாத உறவால் தங்குகிறது. அதற்குச் சமவாயம் என்று பெயர். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் வைசேடிகவாதி பதார்த்தங்கள் என்ற தன் பொருள்வகைகளைச் சொல்லும்போது சமவாயத்தைக் ‘கூட்டம்’ என்கிறான். முழுமை இல்லை என்றால் எதையுமே பார்க்க முடியாது என்பது நியாயசூத்திரத்தின் வாதம். அணுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை, அவற்றின் வெறுங்குவியலும் தெரியாது. இன்னொரு வாதம் கைக்கு எட்டுவது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் வருகிறதே, மணற்குவியல் அப்படி வருமா? போர்டிலிருந்து ஒரு கனெக்டரைப் பிடித்துத் தூக்கினால் ஹார்னஸ் முழுதும் எழும். கட்டப்படாத வயர்களில் அந்த ஒன்று மட்டுமே கையோடு வரும்.

மூன்றாவது விடை சாங்கியத் தரிசனத்தாரிடமும், வேறு வகையில் வைணவ ஆசாரியர் ராமானுஜரிடமும் இருக்கிறது. புதுப்பொருள் எதுவும் பிறக்கவில்லை; ஆனால் துணி வெறும் பெயரும் அல்ல. நூல்களே ஒரு தனிச் சேர்க்கையை அடைந்து, அந்த நிலையில் வேறு பெயரையும் வேறு வடிவையும் வேறு பயனையும் பெறுகின்றன. பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் துணியை உவமையாக்கும் சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் தரும் பொருள் இதுவே. காரணமும் காரியமும் ஒரே பொருளின் இரண்டு நிலைகள். அப்படியே, நுண்ணிலையில் உயிர்களையும் உலகையும் உடலாகக் கொண்ட பிரம்மமே விரிந்த நிலையிலும் அவற்றை உடலாகக் கொண்டிருக்கிறது. உலகம் பொய்யும் அல்ல, பிரம்மத்துக்கு வெளியே முளைத்த அந்நியமும் அல்ல.

எடையும் பல்லக்கும்

இந்த விடைகளில் எதை ஏற்பது? சாங்கிய காரிகைக்கு உரை எழுதிய வாசஸ்பதி மிஸ்ரர் எடையை அளவுகோலாக்கினார். துணி நூல்களிலிருந்து வேறான பொருளானால், தராசில் நூல்களின் எடைக்கு மேல் துணியின் எடையும் சேர்ந்து காட்ட வேண்டும். காட்டுவதில்லை. ஹார்னஸிலும் அப்படியே. வயர், டெர்மினல், கனெக்டர், டேப் எல்லாவற்றின் எடையையும் கூட்டினால் அதுவே கட்டின் எடை. ‘முழுமை’ என்பதற்கென்று ஒரு குன்றிமணி எடைகூட இல்லை.

அப்படியானால் தனி வயர் செய்யாத வேலையைக் கட்டு எப்படிச் செய்கிறது? தனி நூல் உடம்பை மறைக்காது, துணி மறைக்கிறதே? இதற்கும் அவர் உவமை வைத்திருக்கிறார். பல்லக்குத் தூக்கிகளில் ஒருவர் தனியே வழிகாட்டலாம்; பல்லக்கைத் தூக்க முடியாது. எல்லோரும் தோள் கொடுத்தால் பல்லக்கு எழுகிறது. அதற்காக அவர்களுக்கு நடுவே புதிதாக ஓர் ஆள் பிறந்துவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியில் புறப்பாட்டைக் கண்டவருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பெருமாளைத் தோளில் எழுந்தருளப்பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் நடை ஒன்றாக விழுகிறது. ஆட்கள் பலர், நடை ஒன்று.

ஆகவே எடையின் கணக்கில் நியாயவாதம் தளர்கிறது. பயனின் கணக்கிலோ ‘வெறும் பெயர்’ என்ற விடை போதவில்லை. ஒரே வயர்கள், ஒரே எண்ணிக்கை; ஒரு டெர்மினல் பக்கத்து அறையில் மாறி அமர்ந்தால் ஹார்னஸ் சோதனையில் தோற்கிறது. பொருள் குறையவில்லை, பெயரும் மாறவில்லை. கெட்டது சேர்க்கை மட்டும். அப்படியானால் சேர்க்கை என்பது நிகழ்வுகளை உண்டாக்கவும் தடுக்கவும் வல்ல மெய்ம்மை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது அந்நாட்டின் மேற்கிலிருந்த ஹார்னஸ் ஆலைகள் முடங்கின, ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ நிறுவனங்களின் ஜெர்மன் ஆலைகளில் உற்பத்தி தடைபட்டது. செம்புக்கோ பிளாஸ்டிக்குக்கோ உலகில் பஞ்சம் வந்துவிடவில்லை. அந்தந்தக் காருக்கென்று அந்தந்த விதமாகக் கட்டிய கட்டுதான் கிடைக்கவில்லை.

யாருக்காக என்ற கேள்வி

வயர்களை ஒன்றாக்குவது டேப் என்று தோன்றும். ஆனால் எந்த வயர் எந்த நீளம், எங்கே கிளை, எங்கே முடிவு என்பதையெல்லாம் டேப் தீர்மானிப்பதில்லை. போர்டில் வரைந்த படம் தீர்மானிக்கிறது. அந்தப் படத்தைத் தீர்மானிப்பது கார். விளக்கு இருக்கும் இடத்துக்கு வயர் நீள்கிறது, கதவு திறக்கும் இடத்தில் வளைகிறது. கட்டின் ஒற்றுமைக்குக் காரணம் கட்டுக்கு வெளியே இருக்கிறது.

சாங்கிய காரிகையின் பதினேழாம் செய்யுள் இதையே வாதமாக்குகிறது. பலவற்றால் சேர்க்கப்பட்டது எதுவும் தனக்காக இருப்பதில்லை, பிறர்க்காக இருக்கிறது. கட்டில் என்பது சட்டமும் காலும் கயிறும் சேர்ந்தது. தான் படுத்துக்கொள்ள அது உண்டாகவில்லை. ஹார்னஸ் காருக்காக. காரும் சேர்க்கையே, அது பயணம் போகும் உடம்புக்காக. உடம்பும் சேர்க்கையே. இப்படி ஒரு சேர்க்கை இன்னொரு சேர்க்கைக்கு என்று முடிவில்லாமல் போக முடியாது. சேர்க்கை அல்லாத ஒன்றில் இது நிற்க வேண்டும். அதுவே உயிர் என்று சாங்கியம் முடிக்கிறது. உடம்பிலுள்ள பகுதிகளைத் தேடி ‘நான்’ அகப்படவில்லை என்று பௌத்தம் சொன்னதற்கு இது நேர் பதில். பகுதிகளுக்குள் அகப்படாததால் இல்லை என்றாகாது. பகுதிகள் யாருக்காகச் சேர்ந்தனவோ அவரைப் பகுதிகளுக்குள் தேடுவதே தவறான இடத்தில் தேடுவது.

ராமானுஜர் இன்னும் ஒரு படி போகிறார். ஓர் உயிர் எதை முழுதும் தாங்கி, முழுதும் நடத்தி, தன் பயனுக்கே உரியதாகக் கொள்கிறதோ அது அந்த உயிருக்கு உடல் என்பது அவர் தரும் இலக்கணம். இதில் கை, கால், உறுப்புக் கணக்கு இல்லை. தாங்குவது, நடத்துவது, உரியதாதல் என்ற மூன்று உறவுகளே உண்டு. இதே மூன்று உறவால் உயிரும் இறைவனுக்கு உடலாகிறது. மற்றொன்றுக்கு மேன்மை சேர்ப்பதையே தன் இயல்பாகக் கொண்டது சேஷம். அந்த மேன்மைக்கு உரியவன் சேஷி. உயிர் இறைவனுக்குச் சேஷம். சாங்கியம் நின்ற இடத்தில் ராமானுஜர் நிற்கவில்லை. உயிரும் தனக்காக இருப்பது அல்ல என்கிறார்.

1017இல் ராமானுஜர் பிறந்ததாக மரபு கொள்ளும் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றித்தான் இன்று தமிழ்நாட்டுக் கார்த் தொழில் பெருகியிருக்கிறது. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. அவற்றில் ஒவ்வொன்றின் தகட்டுக்குப் பின்னும், கார் வாங்கியவர் ஒருநாளும் பார்க்காத இடத்தில், யாரோ போர்டில் கிடத்திச் சுற்றிய ஒரு கட்டு இருக்கிறது. அது கண்ணில் படாமல் இருப்பதே அது சரியாக அமைந்ததற்கு அடையாளம்.

சூடிக் கொடுத்த மாலை

சேஷம் பற்றிய இந்தக் கொள்கைக்குச் சிக்கலான சோதனை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையிலேயே இருக்கிறது. பெருமாளுக்கென்று தொடுத்த மாலையை ஆண்டாள் முதலில் தான் சூடிப் பார்த்தாள். மாலையில் தலைமுடியைக் கண்ட பெரியாழ்வார் திடுக்கிட்டு, வேறு மாலை கட்டிச் சாத்தினார். அவள் சூடியதே வேண்டும் என்றது பெருமாளின் விருப்பம். பிறருக்கு உரியதைத் தனக்கு எடுத்துக்கொள்வது தவறு என்பது கோயில் நெறி. சேஷக் கொள்கையும் அதையே சொல்லும். அப்படியிருக்க இந்த மாலை எப்படி உயர்ந்தது?

மாலை கட்டுபவர் மாலைக்கு வெளியே நிற்கிறார் என்று கொண்டால் இதற்கு விடை இல்லை. பூவும் நாரும் ஒருபக்கம், கட்டியவர் மறுபக்கம். அவர் சூடினால் அது களவு. ஆனால் ராமானுஜ தரிசனப்படி கட்டுபவரும் அதே இறைவனுக்கு உரியவர். ஆண்டாள் தன்னைத் தனி உடைமையாளராக வைத்துக்கொள்ளவில்லை. மனிதருக்கு வாழ்க்கைப்பட மறுத்து, அரங்கனுக்கே உரியவளாகத் தன்னைக் கண்டவள். அவள் சூடியபோது மாலை கைமாறவில்லை. எந்தச் சேஷிக்கு உரியதோ அவனுக்கே உரிய இன்னொன்றோடு சேர்ந்தது. பூ, நார் என்ற வரிசையில் அவளும் ஓர் இழையானாள். ராமானுஜர் ஆண்டாளின் திருப்பாவையில் தோய்ந்து திருப்பாவை ஜீயர் என்று பெயர் பெற்றார். ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்ட நூறு தடா அக்காரவடிசிலும் வெண்ணெயும் அவரால் நிறைவேறின. அதனால் அவள் அவரை அண்ணன் என்று அழைத்ததாக மரபு கொண்டாடுகிறது.

மணிமேகலையிலும் மாலை தொடுக்கும் பெண் உண்டு. தந்தை கோவலனுக்கு நேர்ந்ததைக் கேட்டு மணிமேகலை விட்ட கண்ணீர் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழுந்தது. மாலையின் தூய்மை கெட்டதென்று புதுமலர் பறிக்க உவவனத்துக்குப் போனாள். அவளது துறவு வாழ்வின் நிகழ்ச்சிகள் அங்கிருந்து தொடங்குகின்றன. கட்டியவரின் கண்ணீர் பட்ட மாலை ஒரு காப்பியத்தில் விலக்கப்படுகிறது. கட்டியவரின் கூந்தல் பட்ட மாலை ஒரு கோயிலில் விரும்பப்படுகிறது. முதலாவது, கட்டுகள் கலையும் என்ற அறிவை நோக்கிப் போகிறது. இரண்டாவது, கட்டியவரும் கட்டில் சேர்வதை நோக்கிப் போகிறது.

சேர்ந்தவை பிரிவதை எந்தத் தரிசனமும் மறுக்கவில்லை. பழைய கார் உடைக்கப்படும்போது ஹார்னஸும் வெளியே வருகிறது; உறை உரிக்கப்பட்டு, செம்பு உருகி, மறுபடி இழையாக இழுக்கப்படுகிறது. நிலை மாறியது, செம்பு போகவில்லை. துணி நைந்து பஞ்சாகிறது. ஆண்டாளின் கிளியும் வாடுகிறது. இலையை இலையாகவும் பூவைப் பூவாகவும் பிரித்துவிடலாம். மறுநாள் வேறு இலையும் வேறு பூவும் கொண்டு புதிய கிளி கட்டப்படுகிறது. யாருடைய கைக்கு என்பது மட்டும் மாறுவதில்லை.